மழை நின்ற பிறகு ஏறிய தண்ணீர்

“பூமியப் பத்திப் படிச்சி என்னாடி ஆவப்போவுது? அது பாட்டுக்குக் கீழ கெடக்குது.”

வினோதினி என்னை இப்படிக் கேட்டது 2005ஆம் வருடத்துக் கார்த்திகை மழையில். பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையோடும், தள்ளிப்போகாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடும் அவள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அம்மா போன பிறகு அப்பாவுக்கும் பிரபா அண்ணனுக்கும் சோறாக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆனாலும் வினோதினி பாடத்தை என்னிடம்தான் ஒப்பிப்பாள். நான் குறுக்கே பேச மாட்டேன் என்பது அவளுக்கு வசதி.

“இயற்கைப் புவியியல் என்பது நிலம், நீர், காற்று, உயிரினங்கள் ஆகியவை எவ்வாறு அமைந்துள்ளன, ஒன்று மற்றொன்றை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராய்வது” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து, “அதனால மனுசனுக்கு என்னா பயன்? அஞ்சு மார்க்கு. நீ சொல்லேன் லச்சுமி” என்றாள்.

எனக்கு ஏதோ தோன்றியது. அதற்குள் வாசலில் சேட்டு மாமா வந்து நின்றார். அவர் வினோதினியின் அப்பா. எங்கள் அப்பாவோடு ஒரே உப்பளத்தில் வேலை. எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் யாரையாவது கிண்டல் செய்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு நேராக அப்பாவிடம் வந்தார்.

“சுப்ராயா, உன் பையன் அம்பாரத்து மேல மாட்டிக்கினான்.”

கோடையில் வாரிய உப்பை உப்பளத்துக்கு நடுவே ஒரு திட்டில் கூராகக் குவித்துப் பனையோலை போர்த்தி வைப்பார்கள். அதுதான் அம்பாரம். பஞ்சநாதன் முதலாளி நல்ல விலை வரட்டும் என்று விற்காமல் வைத்திருந்த அம்பாரம் ஒன்று மிச்சமிருந்தது. காற்று அதன் மேல் கட்டிய தார்ப்பாயைக் கிழித்துவிட்டது என்று காலையில் அண்ணனை அனுப்பினார். அண்ணன் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்திக் கரைகள் மேல் நடந்து போனான். கட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவன் வந்த கரை இல்லை. எல்லாம் ஒரே தண்ணீர்.

நாங்கள் ஓடிப்போய் உப்பளத்தின் மேற்குக் கரையில் நின்றோம். மழைத் திரைக்கு அந்தப் பக்கம் அம்பாரம் ஒரு கறுப்புக் கூரை போலத் தெரிந்தது. அதன் உச்சியில் அண்ணன் குந்தியிருந்தான். அவன் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டுதான் ஆளை அடையாளம் காட்டியது. உப்பளத்து ஆட்கள் முழங்கால் தண்ணீருக்கு மேல் பார்த்தறியாதவர்கள். கடல் பக்கத்திலேயே இருந்தும் எங்கள் தெருவில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

மீனவர் குப்பத்திலிருந்து டிராக்டரில் ஒரு ஃபைபர் படகைக் கொண்டுவந்து இறக்கிப் பார்த்தார்கள். பாத்திக் கரைகள் தண்ணீருக்கடியில் மறைந்திருந்தன. முதல் கரையிலேயே படகு தட்டி நின்றது. தண்ணீரின் இழுப்பு அதைப் பக்கவாட்டில் புரட்டப் பார்த்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துத் திரும்பி வந்தார்கள். பஞ்சநாதன் யார் யாருக்கோ போன் செய்தார்.

“ஃபயர் சர்வீஸ் போட்டெல்லாம் வேற ஊருக்குப் போயிருக்குதாம். காலைல கண்டிப்பா வந்துடும்னு சொல்றாங்க.”

“அதுவரைக்கும் அவன் என்னா பண்ணுவான்?” என்று அப்பா கேட்டார்.

“உக்காந்திருப்பான். அம்பாரம் நிக்கும் சுப்ராயா. உப்புத் தண்ணி உப்பத் தின்னாது.”

மத்தியானத்துக்கு மேல் மழை நின்றது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம்கூட வந்தது. எல்லாருக்கும் உயிர் வந்தது போல இருந்தது. யாரோ ஒரு தூக்கில் டீ கொண்டுவந்தார்கள். சேட்டு மாமா கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

“டேய் பிரபா! மேல உக்காந்துனு பொண்ணு பாக்கிறியா? எறங்கி வா, நான் பாக்கறேன்.”

அண்ணன் கையை ஆட்டினான். அவனுக்கு என்ன கேட்டதோ தெரியாது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மழை நின்றுவிட்டது, இனித் தண்ணீர் இறங்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நான் ஒரு சவுக்குக் குச்சியைத் தண்ணீர் விளிம்பில் குத்தி வைத்தேன். எல்லாரும் டீ குடித்து முடிப்பதற்குள் குச்சி தண்ணீருக்குள் நின்றது. இன்னொன்றைக் கொஞ்சம் மேலே குத்தினேன். அதையும் தண்ணீர் தாண்டியது.

விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பளத்துத் தண்ணீர் நாக்கைக் கடிக்கும். இது குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது, கொஞ்சம் சேற்று வாசனையோடு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திண்டிவனம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் ஒன்றுக்கொன்று வழியும். வழிந்து வழிந்து, பிரம்மதேசத்து வயல்களைக் கடந்து, கடைசியில் கழுவெளியில் வந்து சேரும். கழுவெளி அவ்வளவு பெரிய ஏரி. அதுவும் நிரம்பினால் எங்கள் உப்பளத்துப் பக்கம்தான் திறந்த வழி. நேற்று அங்கே பெய்த மழை இன்றைக்குத்தான் இங்கே வந்திருக்கிறது. இன்று காலை அங்கே பெய்தது இன்னும் வழியில் இருக்கிறது. வினோதினி சொன்னது போல பூமி சும்மா கிடக்கவில்லை. அது சாய்ந்திருக்கிறது. அத்தனை ஊரும் சாய்ந்திருக்கும் பக்கத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கீழே இருந்தது உப்பு. அதைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது நல்ல தண்ணீர்.

அவ்வளவு ஆண்களுக்கு நடுவே போய்ப் பேச எனக்குக் கால் வரவில்லை. வினோதினியின் காதில் சொன்னேன். அவள் குனிந்து குச்சியைப் பார்த்தாள். பிறகு தொண்டையைத் திறந்தாள்.

“யப்பா, சிரிச்சது போதும். தண்ணி ஏறுது. லச்சுமி குச்சி நட்டுப் பாத்திருக்கா. இது கடல் தண்ணி இல்ல, ஏரித் தண்ணி. வாயில வெச்சிப் பாருங்க.”

சேட்டு மாமா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். பஞ்சநாதனைப் பார்த்தார்.

“சப்புனு இருக்குது மொதலாளி. இது உப்பத் தின்னும்.”

அந்த நேரத்தில் அம்பாரத்தின் ஒரு பக்கம் சரிந்தது. சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. பனையோலை ஒரு மூலையில் மடங்கித் தண்ணீருக்குள் போனது மட்டும் தெரிந்தது. அண்ணன் நாலு காலில் தவழ்ந்து மறுபக்கம் போனான்.

“முகத்த வெட்டணும்” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

எங்கள் உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தை முகம் என்போம். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து போட்டு அதை அடைத்துவிடும். மழைக்காலத்தில் உப்பளத்து ஆட்கள் போய் மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் போய்விடும். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த நேரத்தில் உடைப்பது என்பதை வருடாவருடம் சொல்லுவது அப்பாதான். மதகு திறந்து கடல் தண்ணீரைப் பாத்திக்கு விடுகிறவர் அவர். கடல் ஏறுவதும் வத்துவதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அம்மா கடற்கரைக்கு மீன் வாங்கப் போனாள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்பா கடல் பக்கம் போனதே இல்லை. மதகைக்கூட வேறு ஆளிடம் விட்டுவிட்டார். இந்த வருடம் முகம் வெட்ட யாரும் போகவில்லை. ஆட்கள் வந்து கேட்டபோது, “தானா ஒடையும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“போன வாரமே போயிருந்தா இந்த நெலம வந்திருக்குமா?” என்றார் பஞ்சநாதன்.

“நீங்க தார்ப்பாய் கட்ட அனுப்பலன்னாலும் வந்திருக்காது” என்றார் சேட்டு மாமா. “அத அப்புறம் பேசுவோம். சுப்ராயா, வா.”

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தானா ஒடையும். இவ்ளோ தண்ணி வந்தா தானா ஒடச்சிக்கும்.”

அது பொய். அப்பா வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, அவர் பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தேன். அடுப்புக்குச் சவுக்குச் சருகு வேண்டும். அது கடலோர மணல்மேட்டுத் தோப்பில்தான் கிடைக்கும். சருகு எங்கேயிருந்து வருகிறது என்று அப்பா கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இதை வினோதினி வாயால் சொல்ல வைக்க முடியாது. அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஒடையாதுப்பா. அந்த அலை மணல ஏத்திப்போட்டுட்டுப் போயிருக்குது. நீங்க வெட்டற பழைய எடத்துல இப்ப வீட்டு உசரத்துக்கு மேடு.”

அப்பா திரும்பினார்.

“வடக்க தோப்பு முடியற எடத்துல தாழ்வா கெடக்குதுப்பா. பௌர்ணமிக்கு அது மேல அலை தாண்டி இந்தப் பக்கம் வந்துது. ஈரம் காயவே இல்ல. அங்க வெட்டலாம்.”

“நீ அங்க போவியா?”

“சருகு பொறுக்க.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அம்பாரத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, “மம்முட்டி எல்லாம் எடுத்துக்குங்கடா. நீ முன்னால நட” என்றார்.

உப்பளத்தின் வடக்கு எல்லையில் உள்ள பெரிய கரை மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது. அதன் வழியாக வரிசையாகப் போனோம். நான் முன்னே, பின்னால் அப்பா, சேட்டு மாமா, ஏழெட்டு ஆட்கள். பஞ்சநாதனும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மணல்மேட்டை அடைந்ததும் அப்பா மேட்டின் மேல் ஏறாமல் இந்தப் பக்கச் சரிவிலேயே நடந்தார். அங்கிருந்தால் கடல் தெரியாது. இரைச்சல் மட்டும் கேட்கும்.

நான் சொன்ன இடத்தைப் பார்த்தார். குனிந்து மணலை அழுத்தினார். ஈரம் மேலே வந்தது. மண்வெட்டிக் காம்பை மணலில் வைத்து, கடல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்து கோடு இழுத்தார். கோடு நேராகத்தான் வந்தது.

“கடல் பக்கத்துலேர்ந்து வெட்டிக்கினு வாங்க. கழி பக்கம் ஒரு அடைப்ப விட்டு வையுங்க. நான் சொல்ற வரைக்கும் அதத் தொடக்கூடாது. லச்சுமி, மேட்டு மேல நின்னு உங்க அண்ணனப் பாத்துக்கினு இரு.”

மேட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம் முழுக்கத் தெரியும். அம்பாரம் இப்போது சிறியதாக இருந்தது. தூரத்தினால் என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

கீழே ஆட்கள் மூச்சிரைக்க வெட்டினார்கள். வெட்ட வெட்டக் கடல் பக்கத்திலிருந்து அலை வந்து பள்ளத்தில் மணலைத் தள்ளிவிட்டுப் போனது. வாரிப் போட்டதில் பாதி திரும்ப வந்தது. கடைசியில் அடைப்பு மட்டும் மிஞ்சியது, ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு. அதன் மறுபக்கம் கழித் தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

“ஒடச்சிடலாமா?” என்றார் சேட்டு மாமா.

“இரு. கடல் இன்னும் ஏறிக்கினு இருக்குது. இப்பத் தொறந்தா அது உள்ள வரும். இருக்கிற தண்ணியோட அதுவும் சேந்துக்கும்.”

“எப்ப எறங்கும்?”

“பொழுது சாயறப்ப.”

“அதுவரைக்கும் அம்பாரம் இருக்குமா?”

எல்லாரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். நான் பார்த்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

“தெக்குப் பக்கம் முழுக்கப் போயிடுச்சி” என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. “அண்ணன் தார்ப்பாயைப் புடிச்சிக்கினு நிக்குது.”

சேட்டு மாமா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடைப்பில் ஏறினார். “நான் ஒடைக்கிறேன். போற உசுரு என்னா நேரம் பாத்தா போவும்?”

“சேட்டு, எறங்கு.”

“உன் பையன்டா அது!”

“அதனாலதான் சொல்றேன். எறங்கு.”

சேட்டு மாமா மண்வெட்டியை விடாமல் இறங்கினார். எல்லாரும் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். இரைச்சலை வைத்தே கடல் திரும்பும் நேரத்தைக் கணிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். காற்று அதிகமாக இருந்தது. காதால் பிரிக்க முடியாது.

பிறகு திரும்பினார்.

பள்ளத்தின் ஓரமாக நடந்து கடல் விளிம்புக்குப் போனார். அலை அவர் முழங்கால் வரை வந்து அடித்தது. அவர் பின்வாங்கவில்லை. ஈர மணலில் அலை எதுவரை ஏறுகிறது என்று குனிந்து பார்த்தார். அடுத்த அலையைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். நான் அண்ணனைப் பார்ப்பதா அப்பாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் தலையை மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்தேன். அம்பாரம் இப்போது கூராக இல்லை. ஒரு எருமை முதுகு அளவுக்குத் தண்ணீருக்கு மேலே இருந்தது.

“ப்பா!”

அவர் நிமிரவில்லை. இன்னும் ஓர் அலை வந்தது. அது முந்தைய ஈரத்தைத் தொடாமல் திரும்பியது. அடுத்ததும் தொடவில்லை. அப்பா ஓடிவந்தார். சேட்டு மாமாவின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி அடைப்பின் நடுவில் ஓங்கி வெட்டினார்.

முதலில் ஒரு வாய்க்கால் தண்ணீர்தான் போனது, பாத்திக்குப் பாய்கிற மாதிரி. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றியது. பிறகு இரண்டு பக்க மணலும் கட்டி கட்டியாக விழ ஆரம்பித்தது. ஆட்கள் பின்னால் குதித்தார்கள். ஆள் அகலம் இருந்தது வண்டி அகலமானது. இனி யாரும் வெட்ட வேண்டியதில்லை. தண்ணீரே வெட்டிக்கொண்டு போனது. சேறு கலந்த தண்ணீர் கடலுக்குள் நெடுந்தூரம் செம்மண் நிறத்தில் போனதைப் பார்த்தேன்.

திரும்பி உப்பளத்தைப் பார்த்தபோது அம்பாரம் இல்லை.

தார்ப்பாய் மட்டும் மிதந்து எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. சிவப்புத் துண்டு எங்கேயும் தெரியவில்லை. கீழே இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். “என்னாம்மா?” என்று பஞ்சநாதன் கேட்டார். சொல்லாமல் இருந்தால் அது நடக்காமல் இருக்கும் என்பது போல வாயைக் கையால் மூடிக்கொண்டேன். அப்பா மேட்டில் ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார்.

தண்ணீர் நடுவே முதலில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பாத்திக் கரைகள் ஒவ்வொன்றாக முதுகைக் காட்டின. இருந்த இடத்திலேயே இருந்திருக்கின்றன. நாங்கள்தான் பார்க்க முடியவில்லை. அந்தக் கரைகளில் ஒன்றின் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மண்கட்டி என்று நினைத்தேன். அது அசைந்தது. முழங்காலை ஊன்றி எழுந்து உட்கார்ந்தது.

“அண்ணன்” என்றேன். “அண்ணன் கரை மேல.”

பிரபா அண்ணன் எழுந்து நின்று, விழுந்து, மறுபடி எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கரைமேல் மேற்கே நடக்க ஆரம்பித்தான். அந்தப் பக்கம் நின்றவர்கள் தண்ணீரில் இறங்கி அவனை நோக்கி ஓடினார்கள். வினோதினியின் பாவாடையும் அவர்களுக்கு நடுவே தெரிந்தது.

சேட்டு மாமா மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். “உப்புக் கண்டம் ஆயிட்டான்யா. இனி அவனக் காயவெச்சா போதும், ஒரு வருசத்துக்குக் கெடாது.”

“உப்பு போனா போவுது” என்றார் பஞ்சநாதன். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே இன்னொரு தடவையும் சொன்னார். “போனா போவுது.”

ஆட்கள் மண்வெட்டிகளைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டார்கள். பெரிய கரை வழியாகத் திரும்ப வேண்டும், இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நான் அப்பாவின் கையைப் பிடிக்கப் போனேன்.

அப்பா மேட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்கினார். “சுப்ராயா, வீடு இந்தப் பக்கம்” என்று சேட்டு மாமா கூப்பிட்டார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகிற இடத்திலேயே, கடலைப் பார்த்தபடி, அம்மா மீன் வாங்கப் போன கரைப் பக்கமாகத் தெற்கே நடந்து போனார்.